மங்கிப்போன மொசைக், கடப்பா, பளிங்குத் தரை: தேய்த்து மீட்பதா, மேலே டைல்ஸ் ஒட்டுவதா?

மாம்பலத்து மருமகள் | பிப்ரவரி 3

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் என் மாமனார் 1976ஆம் ஆண்டு கட்டிய தனி வீட்டில் வசிக்கிறோம். கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் அந்தக் காலத்து மொசைக் தரை. சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளை, கறுப்பு, பச்சைச் சில்லுகள் பதித்தது. சமையலறையிலும் அதை ஒட்டிய சாமான் அறையிலும் கடப்பா கல். ஆறடிக்கு ஐந்தடி உள்ள பூஜையறைக்கு மட்டும் வெள்ளைப் பளிங்கு போட்டிருக்கிறார். வாசற்படிகள் கறுப்பு நிறக் கல்.

சென்ற மார்கழியில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். தரையில் சிந்திய பெயிண்டையும் சுண்ணாம்புத் துளிகளையும் எடுக்க வந்த துப்புரவுக் குழுவினர், நாங்கள் மாடியில் இருந்த நேரத்தில், குளியலறைக்காக வைத்திருந்த ஆசிடைத் தண்ணீரில் கலந்து வீடு முழுவதும் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். ஈரமாக இருந்த வரை தரை புதிது போலத்தான் தெரிந்தது. பாராட்டிக் காப்பி கூடக் கொடுத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் கூடம் முழுவதும் வெளுத்துக் கிடக்கிறது, தடவினால் சொரசொரவென்று இருக்கிறது, கடப்பா கல் சாம்பல் பூத்துவிட்டது. சோப்புத் தண்ணீர், சோடா உப்பு, கடையில் விற்கும் தரைத் திரவங்கள் என்று மாற்றி மாற்றித் துடைத்தும் பயன் இல்லை.

பார்க்க வந்த ஒருவர் இயந்திரம் வைத்துத் தேய்க்க வேண்டும் என்கிறார். மற்றவர், இந்தத் தரைக்கு இனிச் செலவு செய்வது வீண், மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். எனக்கு இந்தத் தரையை மூடிவிட மனம் இல்லை. இதில் எவ்வளவு எங்கள் கையால் செய்யக்கூடியது, எதற்கு ஆள் வைத்தே ஆக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய கட்டடக்காரன் | பிப்ரவரி 3

அம்மா, முதலில் துடைப்பதை நிறுத்துங்கள். நீங்கள் பார்ப்பது அழுக்கு என்று எண்ணித்தான் பத்து முறை துடைத்திருக்கிறீர்கள். அது அழுக்கே இல்லை. கல்லின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கு கரைந்து போய்விட்டது. போன பொருளை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது.

காரணம் எளிது. பளிங்கும் கடப்பா கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மொசைக்கில் பதிக்கும் சில்லுகளும் பளிங்குச் சில்லுகளே. அவற்றைப் பிடித்திருப்பது சிமெண்ட். குளியலறை ஆசிட் என்று விற்கப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கார்பனேட்டின் மேல் பட்டவுடன் நுரைத்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீரில் கரையும் உப்பாகவும் கல்லை மாற்றிவிடுகிறது. மெருகேறிய பரப்பு என்பது ஒளியை ஒரே சீராகத் திருப்பி அனுப்பும் அளவுக்குச் சமமான பரப்பு. அது கண்ணுக்குத் தெரியாத குழிகளாகிவிட்டால் ஒளி நாலாபக்கமும் சிதறி, கல் வெளுத்தது போல் தெரியும். ஈரமாக இருந்தபோது அழகாகத் தெரிந்ததற்கும் இதுவே காரணம். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியிருந்தது.

இதிலேயே உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நனைந்த தரை எப்படித் தெரிகிறதோ, ஏறத்தாழ அப்படித்தான் மெருகு போட்ட பின் தெரியும். ஒரு மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நிறமும் சில்லுகளும் தெளிவாக எழுந்து வந்தால் கல்லின் உடம்பு நன்றாக இருக்கிறது, மேல்தோல்தான் கெட்டிருக்கிறது என்று பொருள். நனைத்த பிறகும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது உள்ளே இறங்கிய கறை. அதற்கு மருத்துவம் வேறு.

டைல்ஸ் ஒட்டுவதைப் பற்றி ஒரே வரி: கதவுகளின் அடியை எல்லாம் சீவ வேண்டி வரும், குளியலறைக்கும் அறைக்கும் உள்ள மட்ட வேறுபாடு கெடும். ஐம்பது ஆண்டு உழைத்த தரைக்கு அது மரியாதையும் இல்லை.

திருவல்லிக்கேணிக் குடித்தனம் | பிப்ரவரி 4

கடப்பா கல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? எங்கள் பாட்டி காலத்தில் இருந்து தேங்காய் எண்ணெயில் சிறிது மண்ணெண்ணெய் கலந்து, பழைய வேட்டித் துணியில் தொட்டுத் துடைப்பது வழக்கம். அன்று மாலையே கல் கருகருவென்று ஆகிவிடும்.

பழைய கட்டடக்காரன் | பிப்ரவரி 4

ஆகும். நான் மறுக்கவில்லை. தண்ணீர் செய்த அதே வேலையை எண்ணெய் சற்று நீண்ட நாள் செய்கிறது. குழிகளை நிரப்பி ஒளியைச் சீராக்குகிறது. ஆனால் இரண்டு வாரத்தில் தெருப் புழுதியும் சமையல் புகையும் அந்த எண்ணெயில் ஒட்டிப் பிசுக்காகும்; பிசுக்கை எடுக்கக் காரமான சோப்பு வரும்; சோப்பு எண்ணெயை எடுத்ததும் கல் முன்பைவிட வெளுத்துத் தெரியும்; மறுபடியும் எண்ணெய். வழுக்கி விழும் ஆபத்து வேறு. பின்னால் மெருகு போடவோ கல்லுக்குள் இறங்கும் காப்புத் திரவம் பூசவோ நினைத்தால், எண்ணெய் குடித்த கல்லில் அது இறங்கவும் செய்யாது. பாட்டி வீட்டில் நாள்தோறும் தரை துடைக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணிக் குடித்தனம் | பிப்ரவரி 4

ஆட்கள் இல்லை, ஐயா, பாட்டியேதான் துடைத்தார். ஆனால் பிசுக்குப் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேதியியல் வகுப்பறை | பிப்ரவரி 5

பூஜையறைப் பளிங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நம் வீடுகளில் பளிங்குக்கு வரும் கறைகள் பெரும்பாலும் நல்லெண்ணெய், மஞ்சள், குங்குமம், காவி, விளக்கு அல்லது இரும்புப் பெட்டியின் அடியில் பிடித்த துரு ஆகியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள்; என் வீட்டுப் பூஜையறையில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எண்ணெய்க் கறை பளிங்கின் நுண்துளைகளுக்குள் இறங்கி, கல்லை அந்த இடத்தில் மட்டும் கருமையாகக் காட்டும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது வெளியே வராது. வீங்கிய காலுக்குப் பற்றுப் போடுவது போல இதற்கும் பற்றுத்தான் போட வேண்டும். சமையல் சோடாவையோ வாசனையில்லாத டால்கம் பொடியையோ எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டும் தண்ணீரும் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறையைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக, அரை அங்குலக் கனத்தில் அப்ப வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பற்று தானாகக் காயும் வரை காத்திருங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்துவிட்டால் கரைந்த எண்ணெய் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். காயும்போதுதான் பொடி அதை மேலே இழுக்கிறது. ஒரே தடவையில் போகாது. என் வீட்டில் குத்துவிளக்கின் அடியில் இருந்த வட்டத்துக்கு நான்கு தடவை தேவைப்பட்டது.

மஞ்சளுக்குச் சோப்பும் சோடாவும் போடாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதே இந்தப் பண்பை வைத்துத்தான். கறையை எடுக்கப் போய்த் தரையில் குங்குமம் தயாரித்துவிட்டுத் திகைத்தவர்களை நான் அறிவேன். இதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுண்ணக்கட்டித் தூளிலோ டால்கம் பொடியிலோ குழைத்துப் பற்றுப் போட வேண்டும். வெயில் விழும் அறையாக இருந்தால் சில நாட்களில் மஞ்சள் தானாகவே வெளுக்கும். குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது. துருக்கறைதான் மிகக் கடினம். துரு நீக்கி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அமிலம். துரு போகும், கூடவே பளிங்கின் மெருகும் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கறை போகவில்லை என்ற எரிச்சலில் ஆசிடையும் பிளீச்சிங் பொடியையும் ஒன்றாகக் கலக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து வருவது குளோரின் வாயு. காற்றோட்டம் இல்லாத சிறிய பூஜையறையில் அது உயிருக்கே ஆபத்து.

மாம்பலத்து மருமகள் | பிப்ரவரி 7

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கூடத்தில் சில்லுகள் பளிச்சென்று எழுந்து வருகின்றன. பச்சைச் சில்லுகளை இவ்வளவு தெளிவாகப் பார்த்தே பல ஆண்டுகள் ஆகின்றன. கடப்பா கல்லும் கறுப்பாகிறது. பூஜையறையில் மட்டும் இரண்டு கருவட்டங்கள் நனைத்த பிறகும் தெரிகின்றன, அவை எண்ணெய்தான்.

ஒரு ஐயம். இயந்திரம் வைப்பவரிடம் கேட்டபோது, கடைசியில் ஆக்சாலிக் போட்டு மெருகு ஏற்றுவோம் என்றார். ஆக்சாலிக் என்பதும் அமிலம்தானே? ஒரு அமிலத்தால் கெட்ட தரைக்கு இன்னொரு அமிலமா?

வேதியியல் வகுப்பறை | பிப்ரவரி 7

நல்ல கேள்வி. இரண்டும் அமிலம்தான், ஆனால் கல்லோடு சேர்ந்து அவை உண்டாக்கும் பொருள் வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். அடியில் இருக்கும் புதிய கல் மீண்டும் தாக்குதலுக்கு ஆளாகும். ஆக்சாலிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் ஆக்சலேட் தண்ணீரில் கரையாது. அது கல்லின் மேலேயே மெல்லிய படலமாகப் படிய, தேய்க்கும்போது மெருகேறுகிறது. ஆனால் அளவாகப் போட வேண்டும், நன்றாகத் தேய்த்தபின் கழுவிவிட வேண்டும். பார்க்கச் சர்க்கரை போலவோ உப்புப் போலவோ இருக்கும் இந்தப் பொடி நஞ்சு. சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

பழைய கட்டடக்காரன் | பிப்ரவரி 8

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக் குறிப்பிலேயே மொசைக் தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 33 கிராம் ஆக்சாலிக் அமிலப் பொடி என்று அளவு கொடுத்திருப்பார்கள். அதைத் தூவி, தண்ணீர் தெளித்து, கம்பளித் துணிக் கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அள்ளிக் கொட்டுவது வேலையை விரைவில் முடித்துக்கொண்டு கிளம்ப நினைப்பவர்களின் பழக்கம்.

இனி இயந்திர வேலை. உங்கள் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் இது தேவை. இவ்வளவு பரப்பைக் கையால் செய்ய முயன்றால் முழங்கால்தான் தேயும். ஆனால் ஆளை வைத்துவிட்டு நீங்கள் மாடிக்குப் போய்விடாதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை போனதன் விலையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

மொசைக்கில் சில்லுகள் உள்ள மேலடுக்கு ஏறத்தாழ 6 முதல் 12 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் ஒரு பங்கு போகிறது. ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் முக்கியமான முடிவு. மிகச் சொரசொரப்பான 60ஆம் எண் தேய்ப்புக் கல்லில் தொடங்கினால் வேலை விரைவாக நடக்கும், ஆனால் தேவைக்கு மேல் தரையைத் தின்றுவிடும். உங்களுடையது மேல்தோல் அரிப்பு என்பதால், ஒரு மூலையில் 120இல் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுப்பு மறைந்தால் முழு வீட்டுக்கும் அதுவே போதும். அதன்பின் 220, 320 என்று ஏற வேண்டும். எண் கூடக் கூடத் தேய்ப்புக் கல் நுண்மையாகும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால், முந்தைய கல் போட்ட கீறல்களை அடுத்த கல்லால் எடுக்க முடியாது. விளக்கைப் போட்டதும் வட்ட வட்டமாக அவை தெரியும். வைரத் தகடுகள் வைத்துச் செய்பவர்கள் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏறுவார்கள். அங்கேயும் விதி இதுதான்.

முதல் தேய்ப்பு முடிந்ததும் தரையைக் கழுவி, சில்லு பெயர்ந்த குழிகளிலும் ஊசித்துளைகளிலும் அதே நிறச் சிமெண்ட் பாலை அடைக்க வேண்டும். அது இறுகச் சில நாட்கள் ஈரமாக வைத்திருந்த பிறகே அடுத்த தேய்ப்பு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை ஒரே நாளில் முடியும் என்று சொல்பவர் இதைச் செய்யப் போவதில்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். காய்ந்த தேய்ப்பில் எழும் கல்தூள் நுரையீரலுக்குக் கேடு, கருங்கல்லாக இருந்தால் அதில் உள்ள சிலிக்காவால் கேடு பன்மடங்கு. தேய்க்கும்போது வழியும் கல் குழம்பைக் குளியலறைத் துளையில் தள்ளவிடாதீர்கள், உள்ளே இறுகிக் குழாயை அடைத்துவிடும். வாளியில் அள்ளிச் சாக்கில் கொட்டி உலர வைத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கூலி பேசும்போது, சதுர அடிக் கணக்கில் சுவரோரமும் மூலைகளும் அடங்குமா, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) தனியா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பெரிய இயந்திரம் சுவரோரம் வரை போகாது. அந்த நாலு அங்குலப் பட்டையைக் கைமெஷினில் செய்யாமல் விட்டால், தரைக்கு வேட்டிக் கரை போட்டது போல இருக்கும்.

அடையாற்றுப் பக்கத்து வீடு | பிப்ரவரி 8

எங்கள் அடுக்ககத்தில் தேய்க்கவே தேவையில்லை, கிரிஸ்டல் பாலிஷ் போட்டால் போதும் என்று சொல்லி ஒருவர் செய்து கொடுத்தார். முதல் வாரம் கண்ணாடி மாதிரி இருந்தது. அதைப் பரிந்துரைக்கலாமா?

பழைய கட்டடக்காரன் | பிப்ரவரி 9

அந்த முறையில் மெக்னீசியம் ஃபுளுரோசிலிகேட் கலந்த திரவத்தைத் தெளித்து, எஃகு நார்த் தகட்டைச் சுழற்றித் தேய்ப்பார்கள். ஏற்கெனவே ஓரளவு மெருகு உள்ள பளிங்குக்கு அது பளபளப்பை உயர்த்தும். அரித்துக் கீறிய தரையின் மேல் போட்டால் கீறலும் சேர்ந்து பளபளக்கும், அவ்வளவுதான். எஃகு நார்த் துணுக்குகள் இடுக்கில் தங்கினால், நம் கடற்கரை ஊர்க் காற்றில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை விழும். தேய்த்து முடித்த தரைக்கு, விருப்பப்பட்டால், கடைசியில் செய்யலாம். தேய்ப்புக்கு மாற்றாக அதை நான் ஏற்க மாட்டேன்.

வேளச்சேரித் தரைத்தளம் | பிப்ரவரி 10

என் தவறு ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் சேற்றைக் கழுவி, தை மாதமே ஆள் வைத்துப் பளிங்கைத் தேய்த்து, நிறமில்லாத ஒரு பூச்சையும் மேலே பூசச் சொன்னோம். சித்திரை வெயில் வந்தபோது பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சு உரிந்து வந்தது. இரண்டு கற்களின் மேல்பரப்பும் பொரிந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. கல்லுக்கு அடியில் இருந்த மண்ணும் சாந்தும் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கின்றன. அந்த ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறி, ஆவியாகும் இடத்தில் உப்பை விட்டுச் செல்கிறது. மேலே மூடி போட்டதும் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. தரைத்தள வீட்டுக்காரர்கள், ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உப்புப் பூத்தால் உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். 2023 டிசம்பர் புயலின்போது மீண்டும் தண்ணீர் வந்தது. இந்த முறை பங்குனி வரை எதையும் தொடவில்லை. தரை தானாகத் தேறியது.

வேதியியல் வகுப்பறை | பிப்ரவரி 10

வாசற்படியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கருங்கல் வகையாக இருந்தால், ஆசிட் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. சென்னைப் பழைய வீடுகளின் கறுத்த படிக்கற்கள் பல, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். நிலவியலில் அதற்கு சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை வைத்து அந்தப் பெயர் வந்தது. ஐயம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மெருகு மங்கினால் சுண்ணாம்புக் கல் இனம். ஒன்றும் ஆகாவிட்டால் கருங்கல் இனம்.

மாம்பலத்து மருமகள் | மார்ச் 16

நடந்ததைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. வாசற்படி எலுமிச்சைக்கு அசையவில்லை. கூடமும் படுக்கையறைகளும் ஆள் வைத்துச் செய்தோம். 120இல் தொடங்கச் சொன்னபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மூலையில் செய்து காட்டிய பிறகு அவரே ஒப்புக்கொண்டார். குழி அடைத்து நான்கு நாள் காத்திருந்தது உட்பட மொத்தம் ஒன்பது நாள் ஆயிற்று. என் மாமனார் தம் ஊன்றுகோலால் ஒரு பச்சைச் சில்லைத் தட்டிக் காட்டி, இதை நான்தான் பொறுக்கிப் போடச் சொன்னேன் என்றார். அது உண்மையா என்று கேட்க யாருக்கும் துணிவு இல்லை.

சாமான் அறைக் கடப்பா கல்லை நானும் என் மகனும் கையால் செய்தோம். தண்ணீரில் நனையும் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, 220, 400, 600, 1000 என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தோம். முழுக் கறுப்பு வரவில்லை; ஆனால் சாம்பல் போய், மங்கிய மெருகோடு சீராக இருக்கிறது. மகன் சாதாரணக் கைகிரைண்டரில் வைரத் தகடு மாட்டிப் பார்க்கலாம் என்றான். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுழலும், கல்லைச் சுட்டுவிடும், தண்ணீரும் மின்சாரமும் சேரும் வேலை அது என்று இயந்திரக்காரரே தடுத்துவிட்டார். சமையலறையை அவரிடமே கொடுத்துவிட்டோம். பூஜையறையில் ஒரு வட்டம் மூன்று பற்றில் போய்விட்டது. இன்னொன்று பாதிதான் போயிருக்கிறது.

இனித் தினமும் எதைக் கொண்டு துடைப்பது? ஆர்.ஓ. இயந்திரத்தில் கழிந்து வரும் தண்ணீரைத்தான் இதுவரை வீணாக்காமல் துடைக்கப் பயன்படுத்தி வந்தோம்.

பழைய கட்டடக்காரன் | மார்ச் 16

அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் தராதீர்கள், தரைக்கும் தராதீர்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பை எல்லாம் செறிவாக்கித் தருவது அது. கடப்பா கல்லின் மேல் காய்ந்தால் மீண்டும் வெள்ளைப் படலம்தான், அதை எடுக்க மறுபடி யாராவது ஆசிடைத் தேடுவார்கள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் ஒரு வாளியில், காரமும் புளிப்பும் இல்லாத சோப்புத் திரவம் சில சொட்டு. பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை. உடனே உலர்ந்த துணி. அதற்கும் முன்னால் பெருக்க வேண்டும். தெரு மணலில் உள்ள குவார்ட்ஸ் பளிங்கைவிட மிகக் கடினமானது, ஈரத் துணியோடு சேர்ந்தால் அதுவே உப்புத்தாள். வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு மிதியடி போடுங்கள். கல்மாவில் போடும் கோலம் வாசலோடு நிற்கட்டும். பூஜையறைக்கு அரிசி மாவு.

வேதியியல் வகுப்பறை | மார்ச் 17

அந்தப் பாதி வட்டத்துக்கு இன்னும் இரண்டு பற்றுப் போட்டுப் பாருங்கள். இந்த முறை சோடாவை அசிட்டோனில் குழைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கு எதுவும் எரியாத நேரத்தில்.

மாம்பலத்து மருமகள் | மார்ச் 17

வெள்ளிக்கிழமை கடந்ததும் தொடங்குகிறேன். அதுவரை விளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்திருக்கிறேன்.